ஜெர்மனியை விட்டு வந்தும் அங்கே பதிவில் பெயர் நிற்கிறதா?

கேள்வி: 2019 முதல் 2023 ஆகஸ்ட் வரை ஸ்டுட்கார்ட்டில் மென்பொருள் வேலை பார்த்தேன். வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்துவிட்டேன். அப்மெல்டுங் எனப்படும் பதிவு நீக்கத்தை மட்டும் செய்யவில்லை. அங்கே கணக்கெடுப்பில் பத்து லட்சம் வெளிநாட்டவர் குறைகிறார்கள் என்ற செய்தியைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. என்னைத் தேடுவார்களா? கணக்கெடுப்போடு என் பெயரும் நீங்கியிருக்காதா? 250 யூரோ கொடுத்தால் சரிசெய்து தருவதாக ஒரு முகவர் சொல்கிறார், கொடுக்கலாமா?

பதில்: உங்களை யாரும் தேடவில்லை. பதிவை நீக்காமல் வந்தது அங்கே குற்றவழக்கு ஆகாது, நிர்வாக விதிமீறல்தான். சட்டப்படி 1,000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் தாமதமானாலும் தானாக முன்வந்து எழுதுகிறவரிடம் எல்லா ஊர் அலுவலகங்களும் அதைக் கேட்பதில்லை. முகவருக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டாம். ஆனால் கணக்கெடுப்பில் பெயர் நீங்கியிருக்கும் என்று நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். நீங்கியிருக்காது.

ஜெர்மனியில் நாடு முழுவதற்கும் ஒரே மக்கள் பதிவேடு கிடையாது. அந்தந்த ஊர்ப் பதிவு அலுவலகங்கள் தத்தம் பதிவேட்டைத் தாமே வைத்திருக்கின்றன. வந்து இறங்குகிறவர் இரண்டு வாரத்துக்குள் பதிந்துவிடுவார். அது இல்லாமல் வரி எண் வராது, வங்கிக் கணக்குத் திறப்பது திண்டாட்டம், வதிவிட அட்டையும் கிடைக்காது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து மியூனிக்குக்குக் குடிபோனால் மியூனிக்கில் பதிந்ததுமே பழைய ஊருக்குத் தகவல் போய்ப் பெயர் நீங்கிவிடும். நாட்டை விட்டே போகிறவருக்குத்தான் சிக்கல். புதிய ஊர் என்று தகவல் சொல்ல அங்கே யாரும் இல்லை, பதிவை நீக்காவிட்டால் விமானம் ஏற முடியாது என்ற தடையும் இல்லை. ஃபிராங்க்ஃபுர்ட் விமான நிலையத்தில் எல்லைக் காவலர் கடவுச்சீட்டைப் பார்த்து அனுப்புகிறார். அந்தச் செய்தி ஊர் அலுவலகத்துக்குப் போவதில்லை. இவ்வளவு படிவம் கேட்கிற நாட்டில் இந்த ஒரு கம்பியை ஏன் இழுக்கவில்லை என்று கேட்டால் நேரான பதில் கிடைக்காது.

அதிகாரப்பூர்வ மக்கள்தொகை என்பது கடைசிக் கணக்கெடுப்பின் எண்ணோடு பிறப்பையும் வருகையையும் கூட்டி, இறப்பையும் வெளியேற்றத்தையும் கழித்து வருவது. பதிவு நீங்கினால்தான் அது வெளியேற்றமாக எண்ணப்படும். எனவே சொல்லாமல் போனவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கையில் தங்கிவிடுகிறார். மேற்குப் பகுதியில் 1987க்குப் பிறகு 2011 வரை கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2011 மே 9ஆம் தேதிக் கணக்கெடுப்பில் 8 கோடியே 2 லட்சம் பேர்தான் இருந்தார்கள். நினைத்திருந்ததைவிட 15 லட்சம் குறைவு, அதில் சுமார் 11 லட்சம் வெளிநாட்டவர். 2022 மே 15ஆம் தேதிக் கணக்கெடுப்பிலும் அதே கதைதான். மொத்தத்தில் 14 லட்சம் குறைவு, அதில் வெளிநாட்டவர் ஏறத்தாழ 10 லட்சம். நீங்கள் படித்த செய்தி இதுதான்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றலாம். மாநிலங்களுக்கிடையே நிதி தலைக்கணக்கில் பங்கிடப்படுகிறது. 2011இல் பெர்லினுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர் குறைந்தார்கள், ஆண்டுக்குச் சுமார் 47 கோடி யூரோ போயிற்று. பெர்லினும் ஹாம்பர்கும் அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போய் 2018 செப்டம்பரில் தோற்றன. இதைவிட நுட்பமான கோளாறு ஒன்று உண்டு. வேலை பார்த்து ஓய்வுபெற்றுத் தாய்நாட்டுக்குத் திரும்பிய முதியவர் அங்கேயே காலமாகிறார். அந்த இறப்பு ஜெர்மன் பதிவேட்டுக்கு வருவதில்லை. காகிதத்தில் அவருக்கு வயது 90, 95 என்று ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் முதிய வெளிநாட்டவரின் இறப்பு விகிதம் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாகத் தெரிந்தது. இன்னொன்று: 2008இல் எல்லோருக்கும் வரி எண் அனுப்பத் தொடங்கியதும் திரும்பி வந்த கடிதங்களை வைத்துப் பல ஊர்கள் பதிவேட்டைத் துப்புரவு செய்தன. எப்போதோ போனவர்களெல்லாம் அந்த ஆண்டுகளின் வெளியேற்றமாகப் பதிவானார்கள். 2008இலும் 2009இலும் வந்தவர்களைவிடப் போனவர்களே அதிகம் என்று புள்ளிவிவரம் காட்டியதில் இந்தத் துப்புரவுக்குப் பெரிய பங்கு உண்டு.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கணக்கெடுப்பில் மாதிரி முகவரிகளுக்கு ஆள் போய், பதிவில் இருப்பவர் உண்மையில் இருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். இல்லாதவர் விகிதத்தை வைத்து ஊரின் மொத்த எண்ணைத் திருத்துகிறார்கள். ஆனால் இன்னார் இல்லை என்ற தகவலைப் பதிவு அலுவலகத்துக்குத் திருப்பித் தரக் கூடாது. 1983 டிசம்பர் 15ஆம் தேதி அரசியல் சட்ட நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலிருந்து வந்த தடை இது. தனிமனித உரிமைக்கு நல்ல தடைதான். அதன் விளைவு, எண் திருந்துகிறது, பெயர் திருந்துவதில்லை. நாட்டின் தலைக்கணக்கிலிருந்து நீங்கள் கழிந்திருக்கலாம். ஸ்டுட்கார்ட் பதிவேட்டில் உங்கள் பெயர் நிற்கவே செய்யும், யாராவது தற்செயலாகக் கவனித்து நீக்கியிருந்தாலொழிய.

இனி செய்ய வேண்டியது. ஸ்டுட்கார்ட் நகர இணையதளத்தில் வெளிநாட்டுக்குக் குடிபெயர்வோருக்கான அப்மெல்டுங் படிவத்தை எடுங்கள். ஒரே வீட்டில் இருந்த குடும்பத்தார் அனைவருக்கும் ஒரு படிவம் போதும். கடைசி முகவரி, சென்னை முகவரி, வீட்டை விட்ட தேதி மூன்றும் முக்கியம். உண்மையான தேதியைப் போடுங்கள், படிவம் அனுப்பும் தேதியை அல்ல. கையெழுத்திட்டு, கடவுச்சீட்டின் முகப்புப் பக்கம், வெளியேறும் முத்திரை இருந்தால் அந்தப் பக்கம், வீட்டுச் சாவி ஒப்படைத்த தாள் அல்லது வாடகை ஒப்பந்தம் முடிந்த கடிதம் ஆகியவற்றின் நகலைச் சேர்த்துத் தபாலில் அனுப்புங்கள். வீட்டுக்காரர் சான்று தேவையில்லை. குடிவரும்போது மட்டும்தான் அதைக் கேட்பார்கள். உறுதிச்சான்றைச் சென்னை முகவரிக்கு அனுப்பும்படி ஒரு வரி எழுதுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. முகவர் 250 யூரோ வாங்கிக்கொண்டு செய்யப்போவதும் இதே படிவத்தை நிரப்புவதுதான். அதிலும் சிலர் முகவரிக் கட்டத்தில் தங்கள் முகவரியைப் போட்டுச் சான்றைத் தங்களிடம் வரவைத்துக்கொண்டு, அதைக் கொடுக்க மறுபடி பணம் கேட்பார்கள்.

அந்தச் சான்று கைக்கு வரும்வரை காத்திருக்காமல் இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டுக்கு வீடு வசூலிக்கும் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் உங்கள் பெயரில் இருந்ததா என்று பாருங்கள். மாதம் 18.36 யூரோ. வீட்டை விட்டதும் அது தானாக நிற்காது. நீங்கள் தெரிவிக்கும் மாதத்தின் முடிவில்தான் நிற்கும், முன்தேதியிட்டு நிறுத்த மாட்டார்கள். இரண்டு வருடம் தாமதித்தால் 440 யூரோவுக்கு மேல் பாக்கி. மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதுங்கள். வெளியேறியதற்குச் சான்று இல்லையென்றால் உறுப்பினராகவே வைத்து, வருமானம் தெரியாததால் உச்ச விகிதத்தில் சந்தா கேட்கும் வழக்கம் உண்டு.

பதிவை நீக்காமல் வைத்திருந்தால் விசா உயிரோடு இருக்கும் என்று வாட்ஸ்அப் குழுக்களில் சொல்வதை நம்பாதீர்கள். வதிவிட உரிமை பதிவேட்டைப் பார்த்து வாழ்வதில்லை. ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் சாதாரண வதிவிட அனுமதி சட்டப்படி தானாகவே செத்துவிடும். உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்கான நீல அட்டைக்கு (EU Blue Card) 12 மாதம்.

ஒரு விலக்கை விரிவாகச் சொல்ல வேண்டும், இதில்தான் பலர் தவறாக நீக்கிவிடுகிறார்கள். மனைவியும் பிள்ளையும் பள்ளிக்காக ஸ்டுட்கார்ட் வீட்டில் இருக்கிறார்கள், கணவர் அப்பாவைப் பார்த்துக்கொள்ள நான்கு மாதம் சென்னைக்கு வருகிறார் என்று வையுங்கள். அவர் வீட்டை விடவில்லை, திரும்பப் போகிறார். அப்மெல்டுங் செய்யக் கூடாது. செய்தால் நாட்டை விட்டே போனதாகப் பதிவாகும், அந்தத் தகவல் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் போகும், அனுமதி சிக்கலாகும். ஆறு மாதத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் புறப்படும் முன்பே அந்த அலுவலகத்தில் எழுத்தில் அவகாசம் வாங்க வேண்டும். அதே கணவர் சென்னையில் வேலையில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டதென்றால், மனைவி அங்கேயே இருந்தாலும் அவர் பெயரை மட்டும் தனியாக நீக்க வேண்டும். வருமான வரிக்கு அந்த வீடு இன்னும் அவர் வீடாகக் கருதப்படலாம், அதை வரி ஆலோசகரிடம் கேளுங்கள்.

கடைசியாக, அங்கே கட்டிய ஓய்வூதியப் பங்கைத் திரும்பப் பெறுவது. முகவர் அடுத்து அங்குதான் வருவார், தொகையில் இத்தனை சதவீதம் என்று. கட்டாய ஓய்வூதியக் காப்பீடு முடிந்து 24 மாதம் கழித்து நீங்களே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் இலவசம், வெளியேறியதற்குச் சான்றாக அப்மெல்டுங் தாள் உதவும். திரும்ப வருவது உங்கள் சம்பளத்தில் பிடித்த பாதி மட்டும், வட்டி கிடையாது. நிறுவனம் கட்டிய பாதி போய்விடும், அந்த ஆண்டுகளுக்கான உரிமை முழுதும் அழியும். 2017 மே 1 முதல் நடப்பில் உள்ள இந்திய-ஜெர்மன் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி இந்தியாவில் பி.எஃப். கட்டிய காலத்தையும் சேர்த்துக் கணக்கிட வழி உண்டு. உங்களுக்கு நான்கு ஆண்டுகள் இருக்கின்றன, ஓய்வூதியத் தகுதிக்கு வேண்டியது ஐந்து. கமிஷன் வாங்குகிறவர் இதைச் சொல்லவே மாட்டார். இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.