சாப்பாடு குறைந்தால் இன்சுலினை நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டாபாகிளிஃப்ளோசின் மாத்திரைகளோடு, இரவில் கிளார்ஜின் இன்சுலின் ஊசி 14 யூனிட் போடுகிறோம். மூன்று நாளாகக் கொரோனாக் காய்ச்சல். வீட்டுத் தனிமையில் இருக்கிறார். சரியாகச் சாப்பிடாததால் இரண்டு நாளாக ஊசி போடவில்லை. ஆனாலும் சர்க்கரை 290 காட்டுகிறது. ஆக்சிஜன் 97. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் காய்ச்சல் விடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். என்ன செய்வது, டாக்டர்?
— வாசகர், ஈரோடு, மே 2021

பதில்: முதல் வேலையாக, இன்றிரவு ஊசியைப் போட்டுவிடுங்கள். கிளார்ஜின் சாப்பாட்டுக்காகப் போடும் ஊசி அல்ல. வயிறு காலியாக இருந்தாலும் கல்லீரல் சர்க்கரையை வெளியே விட்டுக்கொண்டேதான் இருக்கும். அதை அடக்குவதற்குத்தான் இந்த ஊசி. காய்ச்சல் வந்தால் கார்ட்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் கூடி, கல்லீரல் இன்னும் அதிகமாக விடும். அரை இட்லி சாப்பிட்டவருக்கு 290 வருவது அதனால்தான். காலை வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே வந்தால் மட்டும் 2 யூனிட் குறைக்கலாம். 180-க்கு மேலேயே நின்றால் உங்கள் மருத்துவரைப் போனில் கேட்டு ஏற்றுங்கள்.

மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசினை இன்றே நிறுத்துங்கள். அது சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து. சாப்பாடும் தண்ணீரும் குறைந்த உடம்பில், அதிலும் இன்சுலினையும் நிறுத்தியிருக்கும்போது, கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் சேர்ந்துவிடும். மீட்டர் 200 என்று சாதுவாகக் காட்டும்போதே இது நடக்கலாம் என்பதுதான் ஆபத்து. சாப்பிடாத வேளையில் கிளிமிபிரைடு வேண்டாம். தாழ்சர்க்கரையில் கொண்டுபோய் விடும். மெட்ஃபார்மினைத் தொடரலாம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அதையும் நிறுத்துங்கள்.

கீட்டோன் பார்க்கும் சிறுநீர் ஸ்ட்ரிப் மருந்துக் கடையில் கிடைக்கும். சர்க்கரை 250-ஐத் தாண்டினாலும், வாந்தி வந்தாலும் பாருங்கள். இரண்டு பிளஸ் காட்டினால் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

ஸ்டீராய்டு இப்போது வேண்டவே வேண்டாம். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆக்சிஜன் தேவைப்படுபவர்களின் உயிரைக் காக்கிறது, தேவைப்படாதவர்களுக்குப் பலனில்லை என்று பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 2020-லேயே காட்டிவிட்டது. பின்னால் மருத்துவமனையில் கொடுக்க நேர்ந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: காலையில் போட்ட ஸ்டீராய்டு மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும். காலையில் 130 பார்த்து நிம்மதியாக இருப்பார்கள், சாயங்காலம் அதே ஆளுக்கு 350 இருக்கும். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் இரண்டுதான் மிச்சம் என்றால் ஒன்றைக் காலைக்கும் மற்றதைச் சாயங்காலம் 5 மணிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி நாளுக்கு நான்கு முறை பாருங்கள். பழம் நறுக்கிய கையோடு குத்தினால் இல்லாத சர்க்கரை தெரியும். சானிடைசர் ஈரமும் அளவைக் கெடுக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள், பிதுக்கி எடுக்காதீர்கள். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போட்டால் ஈரக்காற்றிலேயே வீணாகிவிடும்.

இதய, சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் மணிக்கு அரை டம்ளர் வீதம் ஏதாவது குடிக்கட்டும். சர்க்கரை ஏறியிருக்கையில் உப்புப் போட்ட மோர், ரசம், நீர்த்த நொய்க்கஞ்சி நல்லது. தெம்புக்கென்று குளுக்கோஸ் பவுடர் கரைத்துக் கொடுப்பதை இந்தக் காய்ச்சலில் நிறைய வீடுகளில் பார்க்கிறோம். அது 70-க்குக் கீழே போனவருக்கு உரியது. அப்போதுகூட மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனால், குடிப்பதெல்லாம் வாந்தியானால், மூச்சு ஆழமாக வாங்கினால், பேச்சுக் குழறி மயக்கம் வந்தால், நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு முறையும் 300-க்கு மேல் காட்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சல் விட்ட பிறகும் சில வாரங்கள் முகத்தைக் கவனியுங்கள். ஒரு பக்கக் கன்னத்தில் வலி, மரத்துப்போதல், மூக்கிலிருந்து கறுத்த சளி, பல் ஆட்டம், கண் வீக்கம், இரட்டைப் பார்வை எது வந்தாலும் கருப்புப் பூஞ்சையாக இருக்கலாம். அன்றைக்கே காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

உடம்பு தேறும்போது இன்சுலின் தேவையும் சட்டென்று இறங்கும். காய்ச்சலில் ஏற்றிய அளவையே தொடர்ந்தால் நள்ளிரவில் வியர்த்து நடுங்குவார். ஆகவே காய்ச்சல் விட்ட முதல் வாரம் அதிகாலை 3 மணிக்கு ஓரிரு நாளாவது எழுப்பிப் பாருங்கள். இரண்டு நாள் வழக்கம்போல் சாப்பிட்டுத் தண்ணீரும் குடித்த பிறகு, மருத்துவரைக் கேட்டு டாபாகிளிஃப்ளோசினை மறுபடி ஆரம்பிக்கலாம்.