கேள்வி–பதில்: மழை பொய்த்த வருஷம் என்ன நடந்தது?

வறண்ட பகுதி ஒன்றில் மேய்ச்சல் நிலத்தையும் கிணறுகளையும் ஊர்க்குழு எப்படி நிர்வகிக்கிறது என்று மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். பதிவு, தீர்மானப் புத்தகம், கையெழுத்து எல்லாம் பக்கா. ஆனால் நிலத்தில் புல்லே இல்லை. எதை நம்புவது?

இரண்டையுமே உடனே நம்பாதீர்கள். தீர்மானப் புத்தகம் அழகாக இருந்தால், குழுவில் எழுதத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம், அவ்வளவுதான். (மூன்று வருஷத் தீர்மானமும் ஒரே பேனா மையில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.) புல் இல்லாததற்கும் குழுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வறண்ட நிலத்தில் மழை ஒரு பக்கம் கொட்டும், கொஞ்ச தூரம் தள்ளித் தூறல்கூட இருக்காது.

விதி என்ன என்று கேட்டால் எல்லோரும் ஒப்பிப்பார்கள். கடைசியாக மழை பொய்த்தபோது யார் மந்தையை எங்கே ஓட்டினார்கள், யார் போய்த் தடுத்தார்கள், விதியை மீறினவருக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள், அப்போதுதான் பேச்சு சூடுபிடிக்கும். ‘இங்கே யாருமே மீறினதில்லை’ என்று பதில் வந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். நாலு ஆடு வைத்திருப்பவரிடம் வாங்கின அபராதத்தை நூறு மாடு வைத்திருப்பவரிடமும் வாங்கினார்களா என்பதையும் விசாரியுங்கள்.

தெற்கு எத்தியோப்பியாவில் போரானா மக்களின் ஆழ்கிணறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றுக்குள் ஒருவருக்கு மேல் ஒருவராக ஆட்கள் நின்று, பாடிக்கொண்டே வாளியைக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள், தொட்டி நிறைய நிறைய மாடுகள் முறைப்படி வந்து குடிக்கும். கோடையில் ஒரு மாட்டுக்கு மூன்று நாளுக்கு ஒரு தடவைதான் தண்ணீர். எந்த மந்தை எப்போது என்று பார்ப்பதற்கே ‘அப்பா ஹெரேகா’ என்று ஒருவர் உண்டு. இந்த மாதிரி இடத்தில் போய்த் தீர்மானப் புத்தகம் கேட்டு என்ன பிரயோஜனம்? தொட்டி ஓரமாக அரை நாள் உட்காருங்கள். யார் முதலில் வருகிறார், யாரைக் காக்க வைக்கிறார்கள், வெளி மந்தை வந்து நின்றால் என்ன பேசிக்கொள்கிறார்கள், எல்லாம் கண்ணெதிரே நடக்கும்.

பொதுவளங்களை நிர்வகிக்க எலினோர் ஆஸ்ட்ரம் என்ற ஆய்வாளர் சொன்ன 8 விதிகளை வைத்து டிக் அடித்து மார்க் போட்டால் போதாதா?

போடலாம், ஆனால் முதல் விதியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். பொதுநிலம் என்றால் ஆளாளுக்கு மேய்த்து அழித்துவிடுவார்கள் என்று 1968-ல் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதினார். மக்களே விதி போட்டு நெடுங்காலம் காப்பாற்றி வந்த இடங்களைக் காட்டி 1990-ல் அதற்குப் பதில் சொன்னவர் ஆஸ்ட்ரம். 2009-ல் பொருளாதார நோபலும் கிடைத்தது. அவருடைய முதல் விதி, எல்லை தெளிவாக இருக்க வேண்டும் என்பது. பாசன வாய்க்காலுக்குச் சரி. மந்தையோடு நகர்கிறவர்களுக்கோ, இந்த வருஷம் நீ என் பக்கம் வா, இன்னொரு வருஷம் நான் உன் பக்கம் வருகிறேன் என்கிற ஏற்பாடுதான் காப்பீடே. சுற்றிலும் வேலி போட்ட குழுவுக்கு நீங்கள் முழு மார்க் போடுவீர்கள், அதே வேலியில் முட்டிக்கொண்டு பக்கத்துக்காரர் மாடு செத்திருக்கும்.

அதனால் எல்லை இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், அது எப்போது திறக்கும், யாரிடம் கேட்க வேண்டும், யார் முடிவு சொல்வார்கள் என்று பாருங்கள். மொராக்கோவின் அட்லஸ் மலையில் ‘அக்தால்’ என்று ஒரு முறை இருக்கிறது. வசந்தத்தில் புல் வளர்ந்து விதை விடும்வரை மேய்ச்சலை மூடி, பேசி வைத்த நாளில் திறப்பார்கள். எல்லையை நாள்காட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

செயற்கைக்கோள் படத்தில் பச்சை கூடியிருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடுமே?

பச்சையாகத் தெரிவதெல்லாம் தீவனம் இல்லை. கென்யாவின் பாரிங்கோ, எத்தியோப்பியாவின் அஃபார் பகுதிகளில் நமக்கு நன்றாகத் தெரிந்த சீமைக்கருவேலம் பரவிக் கிடக்கிறது. படத்தில் பசுமை, மாட்டுக்குப் பட்டினி. அதற்காகப் படத்தைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அதே மழை பெறுகிற, குழு இல்லாத பக்கத்து நிலத்தோடு வைத்து, வறண்ட வருஷங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

குழுவில் பாதிப் பேர் பெண்கள். தனி மதிப்பெண் தரலாமா?

தலையை எண்ணி மதிப்பெண் தராதீர்கள். ஒரு பெண் பேசினதால் மாறின முடிவு ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். ஒன்றுமே நினைவுக்கு வராவிட்டால் அதை அப்படியே அறிக்கையில் எழுதுங்கள். அப்புறம், நீங்கள் போகிற நாளில் மந்தையோடு வெளியே போயிருப்பவர்கள் கூட்டத்தில் இருக்கவே மாட்டார்கள். அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்வர வண்டிச் செலவையும் இரண்டு நாளையும் திட்டத்தில் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.