கட்டாடின் அடிவாரத்தில் நின்றுபோன நடை

அமெரிக்காவின் நீண்ட மலைநடைப் பாதையான அப்பலாச்சியன் பாதையில் ஐந்தரை மாதம் நடந்து, அது முடியும் கட்டாடின் மலையின் அடிவாரம் வந்தபின், பனியால் மேலே விடவில்லை, விசாவும் முடிகிறது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்கே மனசு கனத்துவிட்டது. மீதி வெறும் எட்டு கிலோமீட்டர்!

ஆனால் தடையை மீறி ஏறாதீர்கள். மலையின் உயரம் 1,606 மீட்டர்தானே என்று தோன்றும். மரங்களைத் தாண்டினால் கையால் பற்றி ஏறும் பாறைகள், பனி உறைந்துவிட்டால் பிடியே கிடைக்காது.

இன்னொன்று: பாதையை முழுதாக முடித்தவர்களை அங்கீகரிக்கும் அப்பலாச்சியன் பாதைப் பாதுகாப்பு அமைப்பு (ATC), ஒரே ஆண்டில் முடிக்கச் சொல்வதில்லை. வரிசை, திசை எதுவும் கணக்கில்லை. அடுத்த ஆகஸ்டில் வந்து அந்த எட்டையும் நடந்துவிடுங்கள். டிக்கெட் செலவு கசக்கும்தான்.

இப்போதைக்கு மில்லினாக்கெட் ஊருக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்குங்கள். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், அப்புறம் விமானம் ஏறலாம்.