நகை பெட்டியிலேயே இருக்கட்டும்

கேள்வி: பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சூழலியல், பரிணாமவியலில் கோடைகால ஆய்வுப் பயிற்சிக்குப் போக ஆசை. முதுமலையில் 10 நாள் பயிற்சி, சான்றிதழ் உண்டு, கட்டணம் 14,500 ரூபாய் என்று ஒரு நிறுவனம் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறது. நகையை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார் அப்பா. கட்டலாமா?
- ஒரு மாணவி, தேனி

பதில்: கட்டாதீர்கள், அம்மா. அப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

ஆய்வுப் பயிற்சி என்றால் ஒரு விஞ்ஞானியின் வேலையில் நீங்கள் கை கொடுக்கிறீர்கள் என்று பொருள். உழைப்பவர் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? நாட்டின் மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் கோடைத் திட்டம் இரண்டு மாதத்துக்கானது. மாத உதவித்தொகையும் ரயில் கட்டணமும் அவர்களே தருகிறார்கள். பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்துக்கும் தனியாக ஒரு கோடைத் திட்டம் உண்டு. மே மாதப் பயிற்சிக்கு முந்தைய ஆண்டின் தீபாவளி வாக்கிலேயே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். மார்ச்சில் விழித்துக்கொள்ளும் பிள்ளைகளைக் குறிவைத்துத்தான் இந்த வாட்ஸ்அப் வியாபாரமே நடக்கிறது.

சான்றிதழை நம்பி ஏமாறாதீர்கள். தேர்வுக் குழுக்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். தங்க நிற ஓரம் போட்ட அட்டைகளை நாங்கள் புரட்டுவதுகூட இல்லை. 'என்ன செய்தாய்?' என்று கேட்போம். அதே முதுமலையில் 50 ஹெக்டேர் காட்டை இந்திய அறிவியல் நிறுவனத்தார் 1988 முதல் கணக்கெடுத்து வருகிறார்கள். ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள கன்றுக்குக்கூட எண் உண்டு. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி, அளவைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அடுத்த மரம். ஆய்வு என்பது இந்தச் சலிப்புதான். ஜீப்பில் உட்கார்ந்து யானை பார்ப்பதற்குப் பெயர் சுற்றுலா.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நல்லவர்களையும் சேர்த்துத் திட்டியதாகிவிடும். சில ஆய்வு அமைப்புகள் களப் பயிலரங்கு நடத்தும்போது சாப்பாட்டுக்கும் தங்கவும் பணம் வாங்குகின்றன. அது தவறில்லை. ஆனால் அதை அவர்கள் பயிலரங்கு என்றுதான் சொல்வார்கள், ஆய்வுப் பயிற்சி என்று சொல்லமாட்டார்கள். யார் பாடம் எடுக்கிறார் என்று பெயர் இருக்கும். அவருடைய கட்டுரைகளைத் தேடினால் கிடைக்கும். எதற்கு எவ்வளவு என்று கணக்கு இருக்கும். எல்லாரையும் சேர்க்கமாட்டார்கள். முடியாதவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று கேட்டால் எரிந்து விழமாட்டார்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் விலகிவிடுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஒரே கடிதத்தை நூறு விஞ்ஞானிகளுக்கு அனுப்பாதீர்கள். அவற்றைப் படிக்காமலே அழிக்கிறோம். மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரின் கட்டுரை ஒன்றையாவது, புரிந்த அளவுக்கு, படியுங்கள். 'விடுதி ஜன்னலில் உள்ள குளவிக் கூட்டை ஒரு மாதம் கவனித்தேன். எல்லாக் குளவிகளும் இரை தேடப் போவதில்லை, சில கூட்டிலேயே இருக்கின்றன, ஏன்?' என்று ஒரு மாணவர் எனக்கு எழுதினார். அவருடைய மதிப்பெண்ணை நான் கேட்கவே இல்லை.

பரிந்துரைக் கடிதத்துக்கு இப்போதே ஆசிரியரிடம் போய் நில்லுங்கள். 'நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்' என்பார். நம் கல்லூரிகளில் அதுதான் வழக்கம். பாடம் எடுத்தவருக்கு மாணவியைப் பற்றி நான்கு வரி எழுத நேரமில்லை என்றால் என்ன சொல்ல! இன்னொரு கூத்து: ஆய்வு நிறுவனங்கள் எட்டு வாரம் கேட்கின்றன. நம் பல்கலைக்கழகங்களோ மே மாதம்வரை தேர்வை இழுத்து, ஜூன் நடுவில் கல்லூரியைத் திறக்கின்றன. இந்த எளிய கழித்தல் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதாகத் தெரியவில்லை. வருகைப்பதிவில் கை வைக்கமாட்டோம் என்று துறைத் தலைவரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்த நிறுவனத்துக்கு ஒரு வரி பதில் போடுங்கள். சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 28ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அதன் நகலை அனுப்பச் சொல்லுங்கள். வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பார்க்க ஆவலாக இருக்கிறேன்.