கியூபா டிரினிடாட் பயணம்: வாசகர் கேள்விகள் சில

டிரினிடாட் போக போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்குத்தானே டிக்கெட் எடுக்க வேண்டும்?

ஐயோ, எடுத்துவிடாதீர்கள். அது கிரிக்கெட் வீரர் பிரையன் லாராவின் டிரினிடாட் தீவு, வேறு நாடு. நான் எழுதிக்கொண்டிருப்பது கியூபாவின் நடுவில், சாங்க்தி ஸ்பிரித்துஸ் மாகாணத்தில் உள்ள டிரினிடாட். ஸ்பானியர்கள் 1514-இல் உண்டாக்கிய ஊர். ஹவானாவில் இறங்கி அங்கிருந்து சாலை வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

ஹவானாவிலிருந்து ஒரே நாளில் போய்வரலாமா?

போய்வரலாம், ஊரைப் பார்த்த மாதிரி இருக்காது. போகவே ஆறேழு மணி நேரம் ஆகிவிடும். மூன்று ராத்திரியாவது தங்குங்கள், ஏனென்றால் சுற்றுலா பஸ்கள் கிளம்பிய பிறகு, சாயங்கால வெயிலில், மஞ்சளும் நீலமுமாகச் சுண்ணாம்பு பூசிய வீடுகளின் தரையிலிருந்து உத்தரம் வரை நீளும் கம்பி ஜன்னல்களுக்குப் பின்னால் பாட்டிகள் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்க்கும்போதுதான் ஊர் தன் முகத்தைக் காட்டும். வெளிநாட்டுக்காரர்களுக்கான வியாசூல் பஸ்ஸில் முன்கூட்டியே இடம் பிடியுங்கள். எரிபொருள் தட்டுப்பாட்டில் பஸ் ரத்தாகலாம், அதனால் வீட்டுக்காரரிடம் ஷேர் டாக்சிக்கும் சொல்லி வையுங்கள்.

தங்க ஹோட்டலா, வீடா?

வீடுதான். காசா பார்ட்டிகுலர் என்பார்கள், குடும்பத்தோடு தங்குவது. காலைச் சாப்பாடும் ஊர்த் தகவலும் அங்கேயே கிடைத்துவிடும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிப்போகலாமா?

யோசித்துச் செய்யுங்கள். பழைய ஊர் முழுக்க உருண்டைக் கல் பதித்த தெரு, நடுவில் மழைத்தண்ணீர் ஓட பள்ளம். பெட்டியின் சக்கரம் அரை மணியில் செத்துவிடும், முழங்காலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிளாசா மயோர் சதுக்கத்தை ஒட்டி அறை எடுக்காமல், சமதளமான தெருவில் எடுத்து, பகலில் ஒரு முறை மட்டும் மேலே சதுக்கத்துக்குப் போங்கள்.

ஊருக்குப் பக்கத்துக் கரும்புப் பள்ளத்தாக்கில் அப்படி என்ன இருக்கிறது?

ஊரும் அதுவும் சேர்ந்துதான் 1988-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயின, அதை விட்டுவிட்டால் பாதிக் கதையோடு திரும்புவீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே ஐம்பதுக்கும் மேல் சர்க்கரை ஆலைகள். மனாகா இஸ்னாகா என்ற பழைய கரும்புத் தோட்டத்தில் சுமார் 45 மீட்டர் உயரக் கோபுரம் நிற்கிறது. அதன் மணி அடித்தால் அடிமைகள் வயலுக்குப் போக வேண்டும், மறுபடி அடித்தால்தான் திரும்பலாம். மேலே ஏறி நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்குள் அடங்கும். கண்காணிக்கத்தான் அந்த உயரம் என்பது யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். கீழே இன்று பெண்கள் கையால் பூவேலை செய்த மேசைத் துணிகளைக் கயிற்றில் காயப்போட்டது போல் விரித்து விற்கிறார்கள், பேரம் பேசலாம், ஆனால் ரொம்ப வேண்டாம். சர்க்கரைப் பணம் வேறு ஊர்களுக்குப் போனபின் டிரினிடாடில் இடித்துக் கட்ட யாரிடமும் காசு இல்லை, அதனால்தான் அந்தப் பழைய ஊர் இன்றும் நிற்கிறது.

சைவம் கிடைக்குமா?

சோறும் கறுப்புப் பீன்ஸும் சேர்ந்த கொங்ரீ, எலுமிச்சை பூண்டு ஊற்றிய மரவள்ளி, வாழைக்காய் வறுவல். நம் ஆட்களுக்குப் போதும். ஆனால் கொங்ரீயில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது சகஜம், "இறைச்சி இல்லை" என்று மட்டும் சொன்னால் அது அடங்காது. கொழுப்பும் வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் காலையிலேயே தனியாகச் சொல்லுங்கள். ஊறுகாய் பாட்டில் உங்கள் பொறுப்பு.

கார்டு? கரண்ட்?

கார்டை நம்பாதீர்கள். யூரோ நோட்டுகள், சில்லறையாக. கரண்ட் மணிக்கணக்கில் போகும், 2024 அக்டோபரில் நாடு முழுவதுமே இருண்டது. பவர் பேங்க், டார்ச், தட்டையான இரண்டு முள் அடாப்டர்.

எப்போது போகலாம்?

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஜூனிலிருந்து நவம்பர் வரை புயல் காலம்.

ஒரு நாள் மிச்சமிருந்தால்?

எல்லாரும் அங்கோன் கடற்கரையைச் சொல்வார்கள், பக்கம்தான், குளித்துவிட்டு வாருங்கள். என்னைக் கேட்டால் எஸ்காம்பிரே மலையில் டோப்பெஸ் தெ கொயாந்தெஸ் பகுதிக்கு ஏறி காபூர்னி அருவிக்கு இறங்குங்கள். இறக்கம் சுகமாக இருக்கும், திரும்பி ஏறும்போதுதான் நான் யாரையெல்லாமோ திட்டினேன். அது முடியாதென்றால் மாகாணத் தலைநகரான சாங்க்தி ஸ்பிரித்துஸ். அதுவும் 1514-தான். யாயாபோ ஆற்றின் செங்கல் பாலத்தில் நின்று பாருங்கள், கேமரா தூக்கியவர் அநேகமாக நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள்.