வளையல் மேல் என்ன கோபம்?

கேள்வி: வியாசர்பாடியில் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லித் தருகிறேன். கோல் தவறினால் "வளையல் மாட்டிக்கடா" என்று திட்டியே பழகிவிட்டது. இப்போது டீமில் பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வாயை எப்படி மாற்றுவது?

பதில்: வசவை மட்டும் விட்டால் போதாது, பாராட்டையும் கவனியுங்கள். "ஆம்பள மாதிரி ஆடுறா" என்பதிலும் அளவுகோல் ஆண்தான். பலர் கோட்டை விடுவது இங்கேதான். 2024 கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா, உங்கள் பக்கத்துப் புதுவண்ணாரப்பேட்டைப் பெண்தானே!

தவிர, அந்த வசவில் பயிற்சியே இல்லை. பந்து கம்பத்துக்கு மேலே பறப்பது பெரும்பாலும் உடம்பு பின்னால் சாய்வதால். ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில், உடம்பு சற்று முன்னால், கணுக்கால் விறைப்பாக, லேஸ் கட்டும் இடத்தால் அடி; இதைச் சொல்லுங்கள். மேட்ச் சூட்டில் பழைய வார்த்தைதான் முந்தும். அதனால் "முன்னால சாய்!" போல ஒன்றிரண்டு கட்டளைகளைப் பிராக்டீஸிலேயே கத்திப் பழகுங்கள். "சோம்பேறிக் கழுதை" பரவாயில்லையா என்றால், கழுதைதான் கோபித்துக்கொள்ளும்.

பையன்களே தங்களுக்குள் "சேலை கட்டிக்கோ" என்பார்கள். லெக்சர் வேண்டாம். பந்தை நிறுத்தி, சொன்னவனிடமே கேளுங்கள்: "அவன் கால் எங்கடா தப்பா இருந்துச்சு?"