தாத்தாவின் மருந்தறிவைப் படம் எடுக்க வருகிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: பாபநாசம் மலையில் எங்கள் காணிப் பழங்குடிக் குடியிருப்பு. மூலிகை வைத்தியம் தெரிந்த என் தாத்தாவைப் பேசவைத்து வீடியோ எடுக்க ஒரு கல்லூரிக் குழு வருகிறது. ஆங்கிலத் தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தாளைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வையுங்கள், ஊர் கூடிப் பேசி முடிக்கும்வரை கேமராவை எடுக்க விடாதீர்கள்.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம், உங்கள் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நடந்ததுதான். 1987-இல் அகத்தியமலை ஏறிய விஞ்ஞானிகள் களைத்துப்போக, வழிகாட்டிப் போன காணிக்காரர்கள் ஒரு காயைத் தின்றுகொண்டே தெம்பாக நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோடு தாவரவியல் பூங்கா அதை வைத்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, கோவை நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் கொடுத்தது. அந்தத் தொகையிலும், விற்பனையில் வரும் 2 சதவீத ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. உலகம் பாராட்டிய ஏற்பாடுதான், ஆனால் பணத்தை வாங்கிக்கொள்ளக் காணிகளுக்கு ஒரு அறக்கட்டளை பதிவானதே 1997-இல். செடியைக் காட்டிக் கொடுத்துப் பத்து வருடம் ஆகியிருந்தது! காணி வைத்தியர்களான பிலாத்திகளில் சிலர் எங்கள் அறிவை விற்காதீர்கள் என்று எதிர்த்தார்கள், அதற்குள் அந்த அறிவு வெளியே போயிருந்தது.

சரி, சட்டம்? 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனி ஆளின் விவரத்தைத்தான் காக்கும், ஊருக்குப் பொதுவான அறிவு அதில் வராது. உங்களுக்குக் கைகொடுப்பது 2006 வன உரிமைச் சட்டம். பல்லுயிர் சார்ந்த மரபறிவு சமூகத்தின் உரிமை என்று அதன் 3-ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் காட்டி, தாத்தாவின் சம்மதத்தோடு ஊரின் சம்மதமும் வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்.

தாளில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, எது அச்சில் வரும் என்பது. செடியின் பெயர், அது கிடைக்கும் இடம், மருந்து செய்யும் பக்குவம் மூன்றும் ஒரே கட்டுரையில் வந்துவிட்டால் அதை எவரும் எடுத்துக்கொள்ளலாம், நீங்கள் திரும்ப வாங்கவே முடியாது. அதனால் வெளியிடும் முன் ஊருக்குப் படித்துக் காட்ட வேண்டும், வேண்டாம் என்பதை நீக்க வேண்டும், வீடியோவின் நகல் ஊரில் இருக்க வேண்டும், வியாபாரத்துக்கு என்றால் மறுபடி வந்து கேட்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். தாத்தா சொல்ல விரும்பாத மருந்தை நீங்களும் வற்புறுத்திக் கேட்காதீர்கள்.

அப்புறம், முன்பு யாராவது எடுத்துப்போன வீடியோ இருந்தால் அந்தக் கல்லூரிக்கு ஊர் பெயரில் கடிதம் எழுதி நகல் கேளுங்கள். அச்சுக்குப் போகாமல் இருந்தால் இன்னும் நிறுத்தச் சொல்லலாம்.